அமெரிக்காவில் ஆபீஸ் இல்லை, ஆனாலும் டெக்சாஸ் வரி கேட்கும்

கோவையிலும் சென்னையிலும் இருந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் சந்தா விற்கும் சிறு நிறுவனங்கள் பல. அவர்களிடம் மாநில வரி பற்றிக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "எல்யூடி (ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழிப் பத்திரம்) போட்டாச்சு சார், ஜிஎஸ்டி பூஜ்யம். அங்கே நமக்கு ஆபீஸும் இல்லை, ஆளும் இல்லை. இரட்டை வரி ஒப்பந்தம் வேறு இருக்கு. அப்புறம் என்ன வரி?" அவர்கள் சொல்லும் ஒவ்வொரு தகவலும் சரி. அதிலிருந்து வரும் முடிவுதான் ஆபத்தானது.

இரட்டை வரி ஒப்பந்தம் அமெரிக்க மத்திய அரசின் வருமான வரிக்கானது. விற்பனை வரியை விதிப்பவை மாநிலங்களும், அவற்றின் கீழுள்ள கவுண்டிகளும் (மாவட்டம் போன்றவை) நகரங்களும். அந்த வரிக்கு ஒப்பந்தத்தில் பாதுகாப்பு கிடையாது.

1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த குயில் தீர்ப்பின்படி, ஒரு மாநிலத்தில் கட்டடமோ சரக்கோ பணியாளரோ இல்லாத விற்பனையாளரை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது. 2018 ஜூன் 21 அன்று, சவுத் டகோட்டா - வேஃபேர் வழக்கில் அதே நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. இப்போது ஒரு மாநிலத்துக்குள் விற்ற தொகை மட்டுமே அங்கே வரிப் பொறுப்பை உண்டாக்கப் போதும். இதைத்தான் பொருளாதார நெக்சஸ் என்கிறார்கள். விற்பனை வரி உள்ள 45 மாநிலங்களும் இந்த விதியைக் கொண்டுவந்துவிட்டன. சவுத் டகோட்டாவில் ஆண்டு விற்பனை வரம்பு 1 லட்சம் டாலர். டெக்சாஸில் 5 லட்சம்.

வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது. விற்கும் பொருளுக்கு அங்கே வரி உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இணையத்தில் பயன்படுத்தும் மென்பொருளுக்கு கலிபோர்னியாவில் பொதுவாக விற்பனை வரி இல்லை. நியூயார்க்கில் உண்டு. டெக்சாஸ் அதைத் தரவுச் செயலாக்கச் சேவையாகக் கருதி, 20 சதவீதத்துக்கு விலக்கு தந்து மீதி 80 சதவீதத்துக்கு வரி போடுகிறது.

டெக்சாஸ் வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்கு 6 லட்சம் டாலர் விற்பதாக வைத்துக்கொள்வோம். வரிக்குரிய தொகை 4,80,000. மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரியும் சேர்ந்தால் 8.25 வரை போகும். அந்த உச்ச விகிதத்தில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 39,600 டாலர். இன்வாய்ஸில் இதைச் சேர்த்திருந்தால் வாடிக்கையாளர் கட்டியிருப்பார். சேர்க்காததால் உங்கள் லாபத்திலிருந்து போகும். 30 நாளுக்கு மேல் தாமதமானால் 10 சதவீத அபராதம், அதன்மேல் வட்டி. ரிட்டர்னே தாக்கல் செய்யாதவருக்குக் காலவரம்பும் ஓடத் தொடங்குவதில்லை; எத்தனை ஆண்டு பின்னோக்கியும் கேட்கலாம். நிறுவனத்தை விற்கப் போகும்போது, வாங்குபவரின் ஆடிட்டர்தான் பெரும்பாலும் இதை முதலில் கண்டுபிடிப்பார். அப்போது பேரம் பேச நமக்கு இடமே இருக்காது.

எனக்கு மிகவும் கவலை தருவது இதற்குப் பின் நடப்பதுதான். விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் மாநில இணையதளத்தில் பதிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் படிவத்திலேயே விற்பனை எப்போது தொடங்கியது என்ற கேள்வி இருக்கும். உண்மையை எழுதினால் பழைய ஆண்டுகள் அத்தனைக்கும் கணக்குக் கேட்பார்கள். பொய் எழுதுவது குற்றம். பழைய பாக்கி இருப்பவர்கள் பதிவுக்கு முன் தன்னார்வ வெளிப்படுத்தல் ஒப்பந்தத்துக்கு, அதாவது பழைய பாக்கியைத் தாமாகவே சொல்லி மாநிலத்துடன் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்குப் போக வேண்டும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமலே ஒரு பிரதிநிதி மூலம் பேச்சைத் தொடங்கலாம். பெரும்பாலும் கடைசி 3 அல்லது 4 ஆண்டு வரியும் வட்டியும் கட்டினால் போதும், அபராதம் தள்ளுபடியாகும். மாநிலத்திலிருந்து கடிதம் வந்துவிட்டால் இந்த வாய்ப்பு பொதுவாகக் கிடைக்காது. வாடிக்கையாளரிடம் வரியை வசூலித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகைகளும் சுருங்கிவிடும். வசூலித்த பணம் முழுவதையும் கட்டியாக வேண்டும்.

இன்னும் வரம்பைத் தொடாதவர்களுக்கு வேலை குறைவு. வாடிக்கையாளரின் பில்லிங் முகவரியை மாநிலவாரியாக இப்போதே குறித்து வையுங்கள், விற்பனையை மாதம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மறுவிற்பனைக்கு வாங்குபவரிடம் அதற்கான சான்றிதழை விற்கும்போதே பெற்றுவிடுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட விலை விற்பனை வரி நீங்கலானது, வரி தனியாகச் சேரும் என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள்.