காலில்தானே சுட்டார்கள் என்று சொல்லாதீர்கள்

'தப்பி ஓட முயன்ற ரவுடியைக் காலில் சுட்டுப் பிடித்தது போலீஸ்.' இந்த மாதிரிச் செய்தி இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. படிப்பவர்கள் பலரும், "உயிரோடுதானே இருக்கிறான், காலில்தானே சுட்டார்கள்" என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். விபத்துப் பிரிவில் வேலை செய்யும் அறுவை மருத்துவர் நான். அண்மையில் இன்னொரு இளைஞனின் காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வந்தது. அவன் மேல் என்ன வழக்கு என்பது எனக்குத் தேவையில்லை. ஆனால் அறுவை அரங்குக்கு வெளியே, நன்றாகப் படித்த ஒருவரே என்னிடம் அதே வார்த்தையைச் சொன்னபோது பொறுக்க முடியவில்லை.

காலில் சுட்டால் ஆபத்தில்லை என்பது பொய். தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். சரி, முட்டியிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ சுட்டால்? முட்டியின் பின்பக்கம் தமனி எலும்பை ஒட்டி ஓடுகிறது, விலகிக்கொள்ள அதற்கு இடமில்லை. அது கிழிந்தால் கீழே பாதம்வரை ரத்தம் போகாது. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திருப்பாவிட்டால் காலைக் காப்பாற்றுவது கடினம். ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் பாதி நேரம் போய்விடும்.

தோட்டா போன பாதை மட்டும்தான் சேதமாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. ரைபிள் தோட்டா போகும் வேகத்தில் சுற்றியுள்ள சதையும் விரிந்து கிழியும். முட்டிக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அது சில்லுச் சில்லாக உடைந்தால் ஒவ்வொரு சில்லும் தன் பங்குக்குக் கிழிக்கும். முட்டியின் வெளிப்பக்க நரம்பு அறுந்தால் பாதம் தொங்கிப்போகும், நடக்கும்போது விரல்கள் தரையில் இழுபடும். எலும்பில் சீழ் பிடித்து ஆண்டுக்கணக்கில் வந்துபோகும் நோயாளிகள் எங்களிடம் இருக்கிறார்கள்.

ஓடுகிறவனின் காலை, அதுவும் இருட்டில், பதற்றத்தோடு குறிபார்ப்பது எவ்வளவு கடினம் என்று காவலர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் ஆயுதப் பயிற்சி பெற்ற காவலர்களுக்குக் காலில் சுடச் சொல்லிக் கொடுப்பதில்லை. எதிரில் இருப்பவனால் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சுட வேண்டும், அப்போதும் உடலின் நடுப்பகுதியைப் பார்த்துத்தான் என்பது அவர்களுக்குத் தரப்படும் பயிற்சி. உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் காலில்கூடச் சுடக் கூடாது. குறி தவறிய தோட்டா காற்றில் கரைந்தும் போகாது. 2021 டிசம்பரில் புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே, பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த தோட்டா, எங்கோ தள்ளி வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான்.

போலீஸ் கையில் துப்பாக்கி இருந்தால்தான் ஊரில் பயம் இருக்கும் என்பவர்கள் பிரிட்டனைக் கொஞ்சம் பார்க்கட்டும். 1829-இல் லண்டன் மாநகரக் காவல் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அங்கே பெரும்பாலான காவலர்கள் துப்பாக்கி இல்லாமல்தான் ரோந்து போகிறார்கள். 2006-இல் காவலர் கூட்டமைப்பு தன் உறுப்பினர்களிடமே கேட்டபோது, எல்லோருக்கும் துப்பாக்கி வேண்டாம் என்றவர்கள் 82 விழுக்காடு. அங்கே பொதுமக்களிடம் துப்பாக்கி அரிது, அதனால் முடிகிறது என்பீர்கள். இங்கேயும் அரிதுதானே? என் மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி அரிவாள் வெட்டும் கத்திக்குத்தும்தான். துப்பாக்கிச் செய்திகள் பெருகியதால் அந்த வெட்டுகள் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. "சரணடைந்தால் சுட்டுவிடுவார்கள் என்று பயந்துதான் ஓடினான்" என்று அழும் அம்மாக்களைத்தான் பார்க்கிறேன். பயந்து ஓடுகிறவன் இன்னும் ஆபத்தானவன். அவனைத் துரத்தும் காவலருக்கும் அதில் ஆபத்துதான்.

எல்லாத் துப்பாக்கியையும் பூட்டி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அரிவாளோடு பாய்கிறவன் முன்னால் நிற்கும் காவலருக்குத் தற்காப்பு உரிமை உண்டு. வெட்டுப்பட்டு வந்த காவலர்களுக்கும் நான் தையல் போட்டிருக்கிறேன். சுட்ட பிறகு தூக்கமே வரவில்லை என்று என்னிடம் சொன்ன காவலரும் உண்டு. ஆனால் 2014-இல் என்கவுன்டர் மரணங்களுக்காக உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள், பலத்த காயம் ஏற்படும் சம்பவங்களுக்கும் இயன்றவரை பொருந்தும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. வேறு காவல் நிலையமோ சிஐடியோ விசாரிக்க வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதக்கமும் பதவி உயர்வும் தரக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. காலில் சுட்டது சின்ன விஷயம் என்று நாம் நினைக்கும்வரை இதையெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை.

யாருக்காவது குண்டடி பட்டால் முதலில் நீங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அப்புறம் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, இரு கைகளாலும் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். விரலை விட்டுத் தோட்டாவைத் தேடாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள், உடனே மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். 108-இல் பேசும்போது துப்பாக்கிக் காயம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், ரத்தக்குழாய் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். போலீஸ் வழக்கு என்று காரணம் காட்டி எந்த மருத்துவரும் அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பணியில் இருக்கும் இளம் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டா நுழைந்த காயம் எது, வெளியேறியது எது, தோலில் கரி படிந்திருக்கிறதா, பாதத்தில் நாடி இருக்கிறதா என்பதை அந்த நிமிடமே ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். கூட வந்தவர் சொல்வதை 'சொன்னது' என்றே எழுதுங்கள், உங்கள் கண்டுபிடிப்பாக எழுதாதீர்கள். எடுத்த தோட்டாவை முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு மட்டும் ஒப்படையுங்கள். காயம்பட்டவர் பேசும் நிலையில் இருக்கிறார் என்று சான்று கொடுத்தால், அவர் வாக்குமூலத்தை நீங்களே பதிவு செய்யவும் அதே 2014 தீர்ப்பு இடம் தருகிறது. அவரை அரங்குக்குள் கொண்டுபோகும் முன் அதைச் செய்துவிடுங்கள்.