கொன்டெய்னர் எண்டா என்ன, கொள்கலன் எண்டு சொன்னாச் சரியா?

வந்தாறுமூலைக் கம்பஸ்லயும் ஒலுவில் கம்பஸ்லயும் கம்பியூட்டர் படிக்கிற புள்ளைகள் இப்ப ஆளாளுக்கு டொக்கர், கொன்டெய்னர், இமேஜ், லேயர் எண்டு கதைக்குதுகள். இதே புள்ளைகள்தான் ஏ.எல். ஐ.சி.டி.ய தமிழ்ல படிக்கக்குள்ள பணிசெயல் முறைமை, செய்நிரல், கோப்பு எண்டு எல்லாத்துக்கும் தமிழ்ச்சொல்லு வெச்சிருந்ததுகள், கம்பஸ் வாசல மிதிச்சதோட எல்லாம் மறந்து போகுது. சரி, கொள்கலன் எண்டு சொல்லலாமே எண்டு கேட்டா பாதிப்பேர் சிரிப்பாங்க, அது கொழும்புல இருந்து லொறியில வாற பெட்டியெல்லோ எண்டு. சிரிக்கத் தேவல்ல. இங்கிலீசுலயும் அது அந்த லொறியில வாற பெட்டிதான், கம்பியூட்டர்லயும் அந்தப் பெட்டியத்தான் உவமையாச் சொல்லுவாங்க.

முதல்ல பொருளச் சொல்லிர்றன். ஒரு மென்பொருள், அது ஓடுறதுக்கு வேணுங்கிற லைப்ரரி, செட்டிங்ஸ், சின்னச்சின்ன துணைக் கோப்பு எல்லாத்தையும் ஒண்டாக் கட்டி, அதே மெஷின்ல ஓடுற மத்த மென்பொருளோட முட்டாம மோதாம தனியா ஓட விடுற முறைக்குத்தான் கொன்டெய்னர் எண்டு பேர். கல்முனையில ஒரு கடை எண்டு வைங்க, பழைய பில் போடுற சிஸ்டம் பிஎச்பி எண்ட ப்ரோகிராம் மொழியின்ர 5.6ஆம் பதிப்பில எழுதினது, புதுசா எடுத்த ஸ்டொக் சிஸ்டத்துக்கு பிஎச்பி 8 வேணும், இரிக்கிறது ஒரே ஒரு சேர்வர். ரெண்டையும் ஒரே இடத்தில போட்டா ஒண்டுக்குச் சரியாக்கப்போய் மத்தது விழும். ரெண்டு கொன்டெய்னர்ல போட்டா அதுக்கு அதுக்கு வேண்டிய பிஎச்பி அதது கூட இரிக்கும், ஒண்டுக்கு மத்தது இரிக்கிறதே தெரியா.

இனி சொல்லுக்கு வருவம். இங்கிலீசு கொன்டெயின் பழைய ஃபிரெஞ்சு வழியா லத்தீன்ல இருந்து வந்தது, அங்க மூலச்சொல் கொன்டினேரே, கொன் எண்டா சேர்த்து, டெனேரே எண்டா பிடிச்சு வெச்சிருக்கிறது. தமிழ்ல கொள் எண்ட வேர் கிட்டத்தட்ட அதே வேலையத்தான் செய்யுது. வயல் வெட்டுற காலத்தில "இந்தக் கடகத்துக்க எவ்வளவு நெல்லு கொள்ளும்" எண்டு நம்மட ஆக்கள் கேப்பாங்களே, அந்தக் கொள்ளும்தான் இது, கொள்ளளவு எண்டதும் அதே குடும்பம். கலன் எண்டது கலம் எண்ட சொல்லின்ர மறுவடிவம். கலத்துக்கு ரெண்டு மூணு முகம் இரிக்கு, பாத்திரமும் கலம், கப்பலும் கலம், நகையும் கலம்தான், உண்கலம், மரக்கலம், அணிகலன் எண்டு பிரிச்சுப் பார்த்தா விளங்கும். புறநானூற்றில 343ஆம் பாட்டில முசிறித் துறையில பெரிய கப்பல்ல வந்த பொன்ன கழியில ஓடுற தோணியில கரைக்குக் கொண்டு வாற கதை வருது, அங்க கப்பலுக்குப் போட்டிருக்கிற சொல்லு கலம். ஆக கொள்கலன் எண்டு சொல்லக்குள்ள பானையும் வருது கப்பலும் வருது, துறைமுகத்துச் சாமானுக்கு இதவிடப் பொருத்தமான சொல்லு கிடைக்கும் எண்டு எனக்குத் தோணல்ல. நம்மட பேப்பர்காரர் "துறைமுகத்தில் கொள்கலன்கள் தேக்கம்" எண்டு வருசக்கணக்கா எழுதிட்டுத்தான் இரிக்காங்க, புதுசாக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

அந்தத் துறைமுகப் பெட்டியின்ர கதை தெரிஞ்சாத்தான் கம்பியூட்டர்காரருக்கு அந்தப் பேர் ஏன் பொருந்துது எண்டு விளங்கும். அமெரிக்காவில லொறிக் கம்பனி நடத்தின மால்கம் மெக்லீன் எண்டவர் 1956 ஏப்ரல் 26ல ஐடியல் எக்ஸ் எண்ட கப்பல்ல 58 பெட்டி ஏத்தி நியூவார்க்கில இருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். அதுக்கு முதல் மூட்டைய மூட்டையா, பீப்பாயப் பீப்பாயா ஆக்கள் தூக்கி ஏத்தி இறக்கினதுதான், கப்பல் கடல்ல ஓடின நாளவிட கரையில கட்டிக்கிடந்த நாள் கூட எண்டு சொல்லுற அளவுக்கு. மறுகா 1960களின்ர கடைசியில சர்வதேச அளவில பெட்டிக்கு அளவு தீர்மானிச்சாங்க, 20 அடி, 40 அடி எண்டு, மூலையில கொழுவுற இடம் உட்பட. அதுக்குப் பிறகு உள்ளுக்கு தேயிலையா, சைக்கிளா, மருந்தா எண்டு கிரேனுக்குத் தெரியத் தேவல்ல, லொறிக்கும் தெரியத் தேவல்ல. பெட்டி செய்யிறதில பெரிய புதினம் ஒண்டும் இல்ல, எல்லாரும் ஒரே அளவுக்கு ஒத்துக்கொண்டதுதான் விசயம். (ஒலுவில்லயும் 2013ல துறைமுகம் திறந்தாங்க, வாயில மண் அடைச்ச கதை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும், அதால கொன்டெய்னர் பார்க்க ஆசைப்பட்டா இன்னமும் மெயின் ரோட்டில நிண்டு லொறியத்தான் பார்க்கோணும்.)

கொன்டெய்னர் கட்டி ஓட்டுறதுக்குப் பாவிக்கிற மென்பொருள்தான் டொக்கர், அந்தப் பேரும் அதே துறைமுகத்துப் பேர்தான், பிரிட்டிஷ் இங்கிலீசுல டொக்கர் எண்டா கப்பல்ல சாமான் ஏத்தி இறக்குற தொழிலாளி. 2013 மார்ச்சில பைகொன் எண்ட, பைதன் மொழியில ப்ரோகிராம் எழுதுறவங்கட கூட்டத்தில சொலமன் ஹைக்ஸ் எண்டவர் ஒரு அஞ்சு நிமிசம் மாதிரி மேடையேறிக் காட்டினதுதான் முதல் அறிமுகம், அப்ப அவங்கட கம்பனிக்கு டொட்கிளவுட் எண்டு பேர், அந்த வருசமே கம்பனியின்ர பேரையும் டொக்கர் எண்டு மாத்திட்டாங்க. சின்னத்தில திமிங்கிலம் முதுகில பெட்டி சுமந்து போகும். 2015ல பெட்டிக்கு அளவு வெச்ச மாதிரியே இதுக்கும் ஒரு பொதுத் தரம் வெக்கிறதுக்கு ஓபன் கொன்டெய்னர் இனிஷியேட்டிவ் எண்டு ஒண்டத் தொடங்கினாங்க, அதாலதான் டொக்கர்ல கட்டினத பொட்மேன் எண்ட வேற கருவியிலயும் ஓட்ட ஏலும்.

ஆனா டொக்கர்தான் இதக் கண்டுபிடிச்சது எண்டு சொல்லுறவங்களோட எனக்கு ஒத்துப்போகா. 1979லயே யூனிக்ஸ் எண்ட பணிசெயல் முறைமையின்ர (ஒபரேட்டிங் சிஸ்டத்தின்ர) ஏழாம் பதிப்பில சேஞ்ச் ரூட் எண்டு ஒரு வசதி வந்திட்டு, ஒரு ப்ரோகிராமுக்கு "இந்த ஃபோல்டர்தான் உன்ர உலகம், இதுக்கு மேல ஒண்டும் இல்ல" எண்டு காட்டுறது. 2000ல யூனிக்ஸ் வழி வந்த ஃப்ரீபிஎஸ்டிகாரர் அத இன்னும் இறுக்கி ஜெயில் எண்டு பேர் வெச்சாங்க. கொன்டெய்னர் எண்ட சொல்ல இந்த அர்த்தத்தில சன் கம்பனி 2005ல வந்த தங்கட ஒபரேட்டிங் சிஸ்டம் சொலாரிஸ் 10லயே பாவிச்சிட்டு. அடுத்தாப்போல 2006ல கூகுள் இஞ்சினியர்மார் ஒரு கூட்டம் ப்ரோகிராமுக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு சிபியுதான் எண்டு எல்லை போடுற வேலையத் தொடங்கி அதுக்கு ப்ரோசஸ் கொன்டெய்னர் எண்டு பேர் வெச்சாங்க, கொஞ்ச நாள்ல லினக்ஸ் கேர்னல்காரருக்கே (கேர்னல் எண்டா ஒபரேட்டிங் சிஸ்டத்தின்ர மையப்பகுதி) தலைசுத்திட்டு, கொன்டெய்னர் எண்ட சொல்லுக்கு ஏற்கெனவே கனக்க அர்த்தம் இரிக்கு எண்டு பேர மாத்தி கொன்ட்ரோல் குரூப் ஆக்கிட்டாங்க, 2008 சனவரியில லினக்ஸ் 2.6.24ல அது அந்தப் பேரோட வந்திச்சு.

இதில எனக்குப் பிடிச்ச விசயம் என்னண்டா லினக்ஸ் கேர்னலுக்கு கொன்டெய்னர் எண்டு ஒரு சாமானே தெரியா. உள்ளுக்கு இரிக்கிறது வேற துண்டுகள். நேம்ஸ்பேஸ் எண்டது ஒரு ப்ரோகிராம் எதையெல்லாம் காணலாம் எண்டு தீர்மானிக்கிறது, கொன்ட்ரோல் குரூப் எவ்வளவு எடுக்கலாம் எண்டு தீர்மானிக்கிறது, ஃபைல் சிஸ்டம் எந்தக் கோப்பெல்லாம் தன்னட்ட இரிக்கிற மாதிரித் தெரியும் எண்டு தீர்மானிக்கிறது. இதெல்லாத்தையும் சேர்த்துப் போட்ட பேர்தான் கொன்டெய்னர். உள்ளுக்கு நிண்டு ஓடுற ப்ரோகிராம்களின்ர பட்டியலக் கேட்டா தான் மட்டும்தான் இரிக்கிற மாதிரி, நம்பர் 1 எண்டு காட்டும். வெளியில சேர்வர்ல நிண்டு கேட்டா அதே ப்ரோகிராம் நூறோட நூத்தியொண்டா வேற நம்பர்ல சாதாரணமா ஓடிட்டு இரிக்கும். பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டின மாதிரி ஒண்டும் இல்ல, கண்ணுக்கு மறைப்புக் கட்டினதுதான் நடந்திரிக்கு. கொள்கலன் எண்ட சொல்லில ஒரு குறை இரிக்கெண்டா இதுதான், இங்கிலீசுச் சொல்லுலயும் அதே குறை இரிக்கிறதால தமிழ மட்டும் குத்தம் சொல்ல ஏலா.

மெய்நிகர் இயந்திரம், அதாவது வேர்ச்சுவல் மெஷின், இதில இருந்து வேற. அதுக்குள்ள முழு ஒபரேட்டிங் சிஸ்டமும் தனிக் கேர்னலோட ஓடும், கொன்டெய்னருக்கு சொந்தக் கேர்னல் இல்ல, வெளி மெஷின்ர கேர்னலத்தான் எல்லாம் பங்குபோட்டுப் பாவிக்கும். அதாலதான் வேகமா எழும்பும், அதாலதான் விண்டோஸ்ல லினக்ஸ் கொன்டெய்னர் ஓட்ட வெளிக்கிட்டா பின்னால சத்தமில்லாம ஒரு குட்டி லினக்ஸ் மெஷின் ஓடும். காவலும் அந்தளவுக்குத்தான். 2019 பெப்ரவரியில ரன்சி எண்ட அடிப்படைக் கருவியில ஒரு ஓட்டை வெளிய வந்திச்சு, கொன்டெய்னருக்குள்ள இரிக்கிற கெட்ட ப்ரோகிராம் வெளி மெஷின்ர ரூட் அதிகாரத்தையே, அதாவது எல்லாத்தையும் மாத்தக்கூடிய அதிகாரத்தையே, எடுக்கிற அளவுக்கு.

சரி லேயர். இதத்தான் புள்ளைகள் பொதுவா விளங்காமப் பாடமாக்கிட்டுப் போறது, ஆனா இதுதான் முழுக்கதையின்ர நடு. பள்ளிக்கூடத்தில இலங்கைப் படத்துக்கு மேல ட்ரேசிங் பேப்பர் வெச்சு ஆறு ஒரு தாள்ல, ரோடு ஒரு தாள்ல எண்டு கீறி அடுக்குவமே, மேல இருந்து பார்த்தா ஒரே படம், அடியில இரிக்கிற படத்தில ஒரு கோடும் விழுந்திருக்கா. கொன்டெய்னர் ஓட்டுறதுக்கு முதல் கட்டி வெக்கிற அச்சுக்குப் பேர் இமேஜ், அது அப்பிடி அடுக்கின தாள்கள், ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். அடியில டெபியன் இல்லாட்டி அல்பைன் எண்ட லினக்ஸ் வகை ஒண்டு, அதுக்கு மேல பிஎச்பி, அதுக்கு மேல நம்மட ப்ரோகிராம். எல்லாம் வாசிக்க மட்டும், எழுத ஏலா. ஓட்டத் தொடங்கினா உச்சியில ஒரு வெறுந்தாள் வெச்சுத் தருவாங்க, எழுதுறதெல்லாம் அதில. அடித்தாள்ல இரிக்கிற ஒரு கோப்ப மாத்தப் பார்த்தா, முதல்ல அந்தக் கோப்பு உச்சித்தாளுக்கு நகலாகி வந்து அங்கதான் மாறும். அழிச்சா? அடியில இரிக்கிறத அழிக்க ஏலாதே, உச்சியில ஒரு வெள்ளை ஒட்டி மறைச்சுவிடும், இங்கிலீசுல அதுக்குப் பேரே வைட்அவுட்தான்.

இப்பிடிப் பல ஃபோல்டர ஒண்டுக்கு மேல ஒண்டா வெச்சு ஒண்டாக் காட்டுற ஃபைல் சிஸ்டத்துக்கு ஓவர்லே எஃப்எஸ் எண்டு பேர், 2014 டிசம்பர்ல வந்த லினக்ஸ் 3.18ல சேர்த்தாங்க, அதுக்கு முதல் டொக்கர் ஏயுஎஃப்எஸ் எண்ட வேற ஒண்டப் பாவிச்சிச்சு. லாபம் என்னண்டா ஒரே இமேஜில இருந்து பத்து கொன்டெய்னர் ஓட்டினாலும் அடித்தாள் டிஸ்கில ஒருக்காத்தான் இரிக்கும், உச்சித்தாள் மட்டும் ஆளுக்கொண்டு. போன் டேட்டாவில இமேஜ் இறக்குறவங்களுக்கு இன்னும் விளங்கும், ஏற்கெனவே இரிக்கிற லேயர திரும்ப இறக்கா, இல்லாதது மட்டும்தான் வரும். அல்பைன் பத்து எம்.பி.க்கும் குறைவு, அதாலதான் அதில எல்லாருக்கும் ஆசை.

இதில ரெண்டு இடத்தில ஆக்கள் விழுறது வழமை. இமேஜ் கட்டக்குள்ள ஒரு லேயர்ல பாஸ்வேர்ட் கோப்பப் போட்டிட்டு அடுத்த லேயர்ல அழிச்சிட்டன் எண்டு நிம்மதியா இரிப்பாங்க. அழியல்ல கா, வெள்ளைதான் ஒட்டியிருக்கு, லேயரப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சவன் எடுத்துப் போவான், இமேஜின்ர சைஸும் ஒரு துளி குறையா. மத்தது டேட்டாபேஸ கொன்டெய்னருக்குள்ளயே எழுதவிட்டுட்டு கொன்டெய்னர நீக்கினா உச்சித்தாளும் கூடவே போகும், அதுக்குத்தான் வொலியூம் எண்டு வெளியில ஒரு இடம் காட்டிக்கொடுக்கோணும்.

இனி எந்தத் தமிழ்ச்சொல்லு எண்டு என்ர கணக்க வெச்சிர்றன். கொன்டெய்னர் கொள்கலன், அதில சந்தேகமே இல்ல. சிலபேர் கலன் எண்டு சுருக்கிறாங்க, கதைக்க லேசுதான் ஆனா கேன், போத்தலுக்கும் அந்தச் சொல்லுதான் எண்டதால எழுத்தில முழுசா எழுதுறது நல்லம். லேயருக்கு படை எண்டு சொல்லுவன், நாம ஓசோன் படை எண்டுதானே படிச்சம், இந்தியாவில படலம், அடுக்கு எண்டுவாங்க அதுவும் விளங்கும், ஆனா படை எண்டா மேற்படை, கீழ்ப்படை எண்டு ஓவர்லேயின்ர உச்சித்தாளுக்கும் அடித்தாளுக்கும் உடனே பேர் வந்திரும். இமேஜ படம் எண்டு மட்டும் எழுதிராதங்க, போட்டோ எண்டு நினைப்பாங்க, படிமம் எண்டா சரி. பழைய தமிழ்ல படிமக்கலம் எண்டா முகம் பார்க்கிற கண்ணாடி, அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல, சும்மா சொன்னன். ஒண்டோட ஒண்டு முட்டாமப் பிரிச்சு வெக்கிற ஐசொலேஷனுக்கு தனிமைப்படுத்தல் எண்டு போட்டா 2020க்குப் பிறகு எல்லாருக்கும் கொரோனாவும் பி.எச்.ஐ.யும்தான் ஞாபகத்துக்கு வரும், பிரித்துவைத்தல் எண்டு எழுதினா அந்தக் குழப்பம் இல்ல. டொக்கர் ஒரு கம்பனிப் பேர், அத மொழிபெயர்க்கிறது வீண்வேலை.

கூபர்நெட்டிஸுக்கும் அதேதான், 2014ல கூகுள் வெளியிட்ட இந்தக் கருவி ஆயிரக்கணக்கான கொள்கலன எந்த மெஷின்ல ஓட்டுறது, விழுந்தா எப்பிடித் திரும்ப எழுப்புறது எண்டு பார்க்கிறது, கிரேக்கத்தில அந்தச் சொல்லுக்கு சுக்கான் பிடிக்கிறவன் எண்டு அர்த்தம். மீகாமன் எண்டு நம்மளுக்கும் ஒரு நல்ல பழைய சொல்லு இரிக்கு, புதுசா யாரும் இப்பிடி ஒரு கருவி எழுதினா அந்தப் பேர வைக்கட்டும், இருக்கிறத கூபர்நெட்டிஸ் எண்டே கூப்பிடுவம்.