கொடியைப் பார்த்து அடிக்காதீர்கள்

கோல்ஃப் கற்றுக்கொடுக்கும் என்னிடம், ஸ்விங்கில் (மட்டையை வீசும் முறையில்) கோளாறு என்று இன்னொருவர் வந்தார். ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், நிறுத்திப் பார்த்தேன். அவர் ஆடும் தரத்துக்கு அந்த ஸ்விங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு எங்கேதான் பிரச்சினை என்று கேட்டால், "ஒரு பார் 4-ல் 9 போட்டுட்டேன் சார்" என்றார். நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழிக்கு ஒன்பது அடி! அந்த ஒன்பதைப் பிரித்துச் சொல்லச் சொன்னேன்.

முதல் அடி வலப்பக்க மரங்களுக்குள். அது யாருக்கும் நடப்பதுதான். பந்து நல்ல இடத்தில் கிடந்திருக்கிறது. இடப்பக்கம் திரும்பி 8 அயர்ன் மட்டையில் லேசாகத் தட்டியிருந்தால் ஃபேர்வேக்கு (புல் வெட்டிய நடுப்பாதைக்கு) வந்திருக்கும். ஆனால் இரண்டு மரங்களுக்கு நடுவே மூன்றடி இடைவெளியில் குழியில் நட்ட கொடி தெரிந்ததாம்! தூரம் அடிக்கும் 5 வுட் மட்டையை எடுத்தார். பந்து மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அதே இடைவெளி, மறுபடியும் 5 வுட். இம்முறை கிளையில் பட்டு ரஃபில் (உயரமான புல்லில்) விழுந்தது. நான்காவது அடியில் ஃபேர்வே. விட்டதைப் பிடிக்க ஐந்தாவதை நேராகக் கொடிக்கே அடித்தார், முன்னால் இருந்த குளத்தில் போனது. பெனால்டியோடு ஆறு. ஏழாவது அடி குழியைச் சுற்றிய கிரீனில், இரண்டு புட் (உருட்டும் அடி), ஒன்பது.

இதில் மோசமான ஸ்விங் என்று சொன்னால் முதல் அடி ஒன்றுதான். மீதியெல்லாம் அடிப்பதற்கு முன்பே எடுத்த தப்பான முடிவுகள். இதற்கும் ஸ்விங் வகுப்பு எடுத்துக் கட்டணம் வாங்கினால் எனக்கு லாபம்தான், ஆனால் உங்கள் ஸ்கோர் அப்படியே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே ஒரு நம்பிக்கை: கொடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் குறிவைக்க வேண்டும் என்பது. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் போக மாட்டேன் என்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரேஞ்சுக்குப் போய் 7 அயர்னில் இருபது பந்துகளை ஒரே குறியைப் பார்த்து அடியுங்கள். அவை எங்கே விழுகின்றன என்று நேர்மையாகப் பாருங்கள். 18 குழிக்கு நூறு அடியைத் தொட்டும் தொடாமலும் ஆடுகிறவர் என்றால், முப்பது கெஜ அகலத்துக்குச் சிதறிக் கிடந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தச் சிதறல்தான் உங்கள் ஷாட். அதில் நடுவில் அழகாக நிற்கும் ஒரு பந்தை மட்டும் "என் 7 அயர்ன் இதுதான்" என்று மனதில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறீர்கள்.

இப்போது கொடி கிரீனின் வலது ஓரத்திலிருந்து நாலு கெஜத்தில் இருக்கிறது, அதற்கு வலப்பக்கம் ஆழமான பங்கர், அதாவது மணல் குழி. கொடியைக் குறிவைத்தால் உங்கள் சிதறலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிரீனுக்கு வெளியே போகும், அதில் சில பங்கருக்கும் போகும். கிரீனின் நடுவைக் குறிவைத்தால்? நேராகப் போனது நடுவில் நிற்கும். வலப்பக்கம் கோணிப் போனது கொடிக்குப் பக்கத்தில் நிற்கும். கூட ஆடுகிறவர் கை தட்டுவார், நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"தொழில்முறை ஆட்டக்காரர்கள் கொடியைத்தானே தாக்குகிறார்கள்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் 150 முதல் 175 கெஜத்திலிருந்து அடிக்கும்போது பந்து நிற்பது கொடிக்குச் சராசரியாக 25 அடிக்கும் மேலே தள்ளித்தான். எட்டடி புட்டை அவர்களே பாதி தடவைதான் உள்ளே போடுகிறார்கள். டிவியில் காட்டுவது அன்றைய நல்ல ஷாட்களை மட்டும்.

2019 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள். அகஸ்டா மைதானத்தின் 12வது ஹோல், 155 கெஜப் பார் 3, கிரீனுக்கு முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை. கொடி வலப்பக்கம். கடைசி இரண்டு குழுக்களில் மட்டும் கெப்கா, போல்டர், மோலினாரி, ஃபினாவ் என்று நான்கு பேர் தண்ணீரில் போட்டார்கள். டைகர் வுட்ஸ் கொடியை விட்டுவிட்டு, பங்கருக்கு மேலாகக் கிரீனின் இடப்பக்கம் அடித்தார். இரண்டு புட், பார். அதுவரை ஸ்கோரில் இரண்டு அடி பின்தங்கியிருந்தவர் அந்த ஒரு ஹோலில் மோலினாரிக்குச் சமமாக வந்து, பட்டத்தையும் வென்றார். அவரே கொடியை விடுகிறார், உங்களுக்கு என்ன அவசரம்?

அடுத்தது தூரம். உங்கள் 7 அயர்ன் எவ்வளவு போகும் என்று கேட்டால் எல்லோரும் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பின்காற்றில் போன தூரத்தைச் சொல்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். சுமாராக அடித்தால் தரையில் உருளாமல் காற்றிலேயே எவ்வளவு போகும், அந்த கேரி கணக்கைச் சொல்லுங்கள். பங்கரும் தண்ணீரும் பெரும்பாலும் முன்னால்தான் இருக்கின்றன. நம் ஆட்களின் பந்தும் பெரும்பாலும் முன்னால்தான் விழுகிறது. கொடிக்குள்ள தூரத்தை மட்டும் பார்க்காமல் கிரீனின் பின் விளிம்புக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். பின்னால் ஆபத்து இல்லையென்றால் இன்னும் ஒரு படி தூரம் போகும் கிளப்பை (மட்டையை) எடுங்கள். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அதிக தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைப் பூட்டி வை என்று உபதேசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். கிரீனுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் பொதுவான கணக்கு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி டூர் ஷாட்களை அலசிக் காட்டியதும் இதையே. "எனக்குப் பிடித்த நூறு கெஜத்தில் நிறுத்திக்கொள்கிறேன்" என்று அறுபது கெஜம் வரை போகக்கூடிய இடத்தில் வேண்டுமென்றே பின்தங்குவதில் பெரும்பாலும் லாபமில்லை. ஆனால் டிரைவர் சிதறும் அகலத்துக்குள் தண்ணீரோ எல்லைக்கோடோ வந்தால் கணக்கு மாறும். அப்போது பையிலேயே இருக்கட்டும். 2006 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், ராயல் லிவர்பூல் மைதானத்தில், வுட்ஸ் நான்கு நாளும் சேர்த்து ஒரே ஒரு முறைதான் டிரைவரைத் தொட்டார். தரை காய்ந்து, பந்து உருண்டு ஓடிய மைதானம் அது. கோப்பை அவருக்குத்தான்.

மரத்துக்குள் போனால் தயவுசெய்து வெளியே வாருங்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ, எந்தப் பக்கம் வழி அகலமோ அந்தப் பக்கம். பார் 72 மைதானத்தில் 18 ஹோலிலும் போகி (பாரை விட ஒரு அடி கூடுதல்) எடுத்தாலே 90. நூறைத் தாண்டுகிறவருக்கு அது எவ்வளவு நல்ல ஸ்கோர்! ஆக, ஒரு அடி கொடுத்துவிட்டு வெளியே வருவது தோல்வியில்லை. வேருக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஒரு பெனால்டியோடு இரண்டு கிளப் நீளத்துக்குள், கொடிக்குக் கிட்டே போகாமல், பந்தைக் கையிலிருந்து டிராப் செய்யலாம். விதியிலேயே இருக்கும் சலுகை, பயன்படுத்துங்கள். மணிக்கட்டையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

தொலைந்த பந்தைத் தேட 2019லிருந்து 3 நிமிடம்தான். தொலைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால், தேடப் போவதற்கு முன்பே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் அடித்தால் அதுதான் ஆட்டப் பந்து, முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. அந்த இரண்டாவது பந்தையாவது முதல் பந்து போன அதே கோட்டில், அதே டிரைவரில், அதே கோபத்தில் அடிக்காதீர்கள்.