வலையை விரித்தால்தான் கண் தெரியும்

கடலூர் துறைமுகத்தில் குவித்துப் போட்டிருக்கும் வலையைப் பார்த்தால் வெறும் மூட்டைதான். ஒரு மடிப்பை எடுத்து விரித்துப் பிடித்தால்தான் கண்ணும் முடிச்சும் தெரியும். அங்கே நின்றபடி என் போனில் ஒரு படத்தைப் பார்த்த அக்கா மகள், “மாமா, இதுவும் வலை மாதிரியே இருக்கு. எந்தக் கேமராவில் எடுத்தாங்க?” என்று கேட்டாள்.

கேமராவே கிடையாது. பிரபஞ்சத்தில் பொருள் ஈர்ப்புவிசையால் எப்படித் திரண்டது என்று போட்டுப் பார்த்த, 2005-இல் வெளியான ‘மில்லேனியம்’ என்ற கணினிக் கணக்கின் படம் அது. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் சொசைட்டியின் சூப்பர் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஓடிப் போட்ட கணக்கு. சுமார் 200 கோடி ஒளியாண்டு பக்கம் கொண்ட கனசதுரத்துக்குள் 1,000 கோடிக்கும் மேற்பட்ட துகள்கள். துகள் என்பது கணக்குக்காகப் பொருளை மொத்தமாகப் பிடித்த ஒரு பொதி; ஒவ்வொன்றும் சுமார் 100 கோடி சூரியன்களின் எடை.

தொடக்கத்தில் துகள்கள் ஏறக்குறைய சீராகப் பரவியிருக்கும். அதற்கு ஆதாரம் உண்டு: பிரபஞ்சம் பிறந்து 3,80,000 ஆண்டானபோது கிளம்பிய ஒளியை இன்றும் அளக்க முடிகிறது. அதன் வெப்பநிலையில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே ஏற்ற இறக்கம். அந்தச் சின்ன மேடுபள்ளம் போதும். கொஞ்சம் அடர்ந்த இடம் அக்கம்பக்கத்தை இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் அடரும்.

சரி, கணினியிடம் இருப்பது எண்கள் மட்டும்: எந்தத் துகள் எங்கே, என்ன வேகத்தில். அதைப் படமாக்குவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. முழுக் கனசதுரத்தையும் ஒன்றாகக் காட்டினால் மூட்டை வலைதான். அதனால் மெல்லிய ஒரு சீவலை மட்டும் எடுக்கிறார்கள். துகளைப் புள்ளியாக வைக்காமல், கோலமாவைத் தூவுவது போல அக்கம்பக்கத்தில் பரப்புகிறார்கள். நெரிசலான இடத்தில் குறைவாக, வெறிச்சோடிய இடத்தில் அகலமாக.

அப்புறம் வெளிச்சம். அடர்ந்த முடிச்சுக்கும் வெற்றிடத்துக்கும் அடர்த்தியில் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். நேர் விகிதத்தில் காட்டினால் முடிச்சுகள் மட்டும் மின்னும், மற்றதெல்லாம் கும்மிருட்டு. அதனால் மடக்கை அளவு: அடர்த்தி பத்து மடங்கானால் வெளிச்சம் ஒரு படி மட்டும் ஏறும். இப்போதுதான் நடுவிலுள்ள மெல்லிய இழைகள் கண்ணுக்குப் படும். ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு மாறும் நிறம் தனிச் சேதி: துகள்கள் அங்கே எவ்வளவு தாறுமாறான வேகத்தில் அலைகின்றன என்பது.

இந்த வலை மனிதர் தேர்ந்த வண்ணத்தால் வந்த மாயமில்லை. நியூ மெக்சிகோவிலுள்ள ஸ்லோன் தொலைநோக்கி லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளந்து போட்ட வரைபடத்தையும் அவளுக்குக் காட்டினேன். அதிலும் அதே இழைகள், அதே முடிச்சுகள், நடுவில் அதே பெரிய கண்கள்.