ஃபிரான்சைஸ் என்பது கிளையும் இல்லை, முகவாண்மையும் இல்லை

ஒரு நிறுவனத்தின் பெயரையும் செய்முறையையும் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தி, சொந்தப் பணத்தில் கடை நடத்தும் ஏற்பாடுதான் ஃபிரான்சைஸ். அப்படி ஒரு ஒப்பந்தத்தின் தமிழாக்கத்தைப் படிக்க நேர்ந்தது. தலைப்பில் ‘முகவாண்மை (ஏஜென்சி) ஒப்பந்தம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே போனால், ‘முகவர் எவ்வகையிலும் நிறுவனத்தின் முகவர் அல்லர்’ என்று ஒரு விதி! மூலத்தில் தெளிவாக இருந்த விதிதான். ஃபிரான்சைஸ் எடுத்தவர், ஏஜென்ட் என்ற இரண்டு வெவ்வேறு சொற்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் ‘முகவர்’ என்றே போட்டுவிட்டார். இதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர் என்ன புரிந்துகொள்வார்?

பழைய பிரெஞ்சில் ‘ஃபிராங்க்’ என்றால் கட்டற்றவர். அதிலிருந்து வந்தது ஃபிரான்சைஸ். இடைக்காலத்தில் சந்தை கூட்டவோ, சுங்கம் கட்டாமல் இருக்கவோ அரசர் தரும் சலுகைக்கு இந்தப் பெயர். வாக்களிக்கும் உரிமை என்ற பொருள் பின்னால் சேர்ந்தது, வணிகப் பொருள் அதற்கும் பின்னால். (அகராதியில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து, வணிகக் கட்டுரையில் ‘வாக்குரிமை வழங்கும் நிறுவனம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.)

சரி, முகவாண்மை ஏன் தவறு? முகவர் இன்னொருவர் சார்பாகச் செயல்படுகிறவர். அதிகார வரம்புக்குள் அவர் செய்யும் ஒப்பந்தம் அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும். ஃபிரான்சைஸ் எடுத்தவர் அப்படி இல்லை. முதலீடு அவருடையது, வாடகை, சம்பளம், கடன் எல்லாம் அவர் தலையில். நட்டம் வந்தால் பெயர் கொடுத்த நிறுவனம் பங்குக்கு வராது. நட்டமான மாதத்திலும் விற்பனையில் இத்தனை விழுக்காடு என்று ராயல்டி, அதாவது பெயரையும் செய்முறையையும் பயன்படுத்துவதற்கான தொகை, கட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் அது பெரும்பாலும் லாபத்தின் மேல் கணக்கிடப்படுவதில்லை.

‘கிளை’ இதைவிட மோசம். கிளை என்றால் தாய் நிறுவனத்தின் சொத்து, அங்கே இருப்பவர் சம்பளக்காரர். கடன் வாங்கிக் கடை போட்டவரைக் ‘கிளை மேலாளர்’ என்று எழுதுவது அநியாயம். இதைச் சரிசெய்வதாக நினைத்துச் சிலர் ‘கிளையுரிமை’ என்கிறார்கள். அப்புறம் அது ‘கிளை உரிமையாளர்’ ஆகிறது. எதற்கு உரிமையாளர்? பெயர் அவருடையது இல்லை, செய்முறை அவருடையது இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

இங்கேதான் ‘உரிமை’க்கும் ‘உரிமம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு உதவுகிறது. உரிமை நம்முடையது. உரிமம் இன்னொருவர் நிபந்தனையோடு தருவது, காலாவதியாகும், பறிக்கவும்படும். ஓட்டுநர் உரிமம் என்கிறோமே, அதுபோல. ஆனால் வெறும் ‘உரிமம்’ போதாது. பெயரையும் சின்னத்தையும் மட்டும் பயன்படுத்த விடுவதும் உரிமம்தானே.

ஃபிரான்சைஸைத் தனியாகக் காட்டுவது செய்முறை. அமெரிக்காவில் மார்த்தா மட்டில்டா ஹார்ப்பர் 1888இல் ராச்செஸ்டரில் கூந்தல் பராமரிப்பு நிலையம் தொடங்கினார். 1891 முதல் வேறு பெண்களும் அதே பெயரில் நிலையம் நடத்த அனுமதித்தார். அவருடைய முறையில் பயிற்சி பெற வேண்டும், அவருடைய பொருள்களையே பயன்படுத்த வேண்டும். இன்று அந்த இடத்தில் தடிமனான செயல்முறைக் கையேடு இருக்கிறது. எந்தப் பொருளை யாரிடம் வாங்குவது, சுவருக்கு என்ன நிறம், வாடிக்கையாளரிடம் முதலில் என்ன சொல்வது என்பது வரை அதில் எழுதியிருக்கும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணைய விதியும் ஃபிரான்சைஸை அடையாளம் காண மூன்றைப் பார்க்கிறது: வணிகக்குறி, செய்முறையில் கணிசமான கட்டுப்பாடு அல்லது உதவி, கட்டணம்.

அதனால் நான் எழுதுவது ‘செய்முறை உரிமம்’. ஒப்பந்தம் போன்ற இடங்களில் ‘வணிகச் செய்முறை உரிமம்’ என்று முழுதாகவே எழுதலாம். தருகிறவர் உரிமம் வழங்குநர், பெறுகிறவர் உரிமம் பெற்றவர். பேச்சில் ஃபிரான்சைஸ் என்றே இருந்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. தூய தமிழ் என்று சொல்லிக் கிளையை ஒட்டவைப்பதுதான் ஆபத்து. ஆங்கிலச் சொல்லைக் கேட்டவர் ‘அப்படியென்றால் என்ன?’ என்று விசாரிப்பார். ‘கிளை’ என்று கேட்டவர் தெரிந்த விஷயம்தானே என்று விசாரிக்காமலே பணத்தைக் கட்டுவார்.