பெரெனிகே: ஒரு பெயரின் முதல் எழுத்து

பெரெனிகே என்னும் பெண்பெயருக்கு ‘வெற்றியைக் கொண்டுவருபவள்’ என்று பொருள். சுமத்தலையும் கொண்டுவருதலையும் குறிக்கும் ‘பெரோ’ என்ற கிரேக்க வினையும் வெற்றியைக் குறிக்கும் ‘நிகே’யும் இணைந்து உருவான பெயர் இது. கி.மு. 476இல் ஒலிம்பியாப் பந்தயத்தில் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகர மன்னர் ஹியரோனுக்கு வெற்றி தேடித்தந்த குதிரைக்கும் இதன் ஆண்பால் வடிவமான பெரெனிகோஸ் என்பதே பெயர். அந்தக் குதிரையைப் போலப் பெயருக்கேற்ப நடந்துகொண்டவர்கள் குறைவு.

ஆனால் குதிரையின் பெயரில் உள்ள ‘ப’வும் பெண்ணின் பெயரில் உள்ள ‘ப’வும் ஒன்றல்ல. பிற கிரேக்கர் ‘பம்பரம்’ என்பதன் முதல் ‘ப’வோடு மூச்சைச் சேர்த்து ஒலித்த இடத்தில், கிரேக்கத்தின் வடக்கே வாழ்ந்த மாசிடோனியர் அதே சொல்லின் இரண்டாவது ‘ப’வைப் போலக் குரல்வளை அதிர ஒலித்தனர். பிலிப் என்ற பெயரையும் அவர்கள் இப்படியே உச்சரித்ததாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறித்துள்ளார். இவ்வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது என்பது இதைத் தமிழில் எழுதுபவருக்கு உள்ள சங்கடம். மொழியியலாளர் தரும் விளக்கத்தின்படி, கிரேக்கத்துக்கும் வடமொழிக்கும் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் அதிர்வும் மூச்சும் சேர்ந்த ஓர் ஒலி இருந்தது. கிரேக்கம் அதன் அதிர்வை விட்டது, மாசிடோனிய வழக்கு மூச்சை விட்டது, வடமொழி இரண்டையும் காத்தது. அதே வேரிலிருந்து பிறந்த வடசொல்தான் தமிழுக்கு வந்து ‘பாரம்’ ஆயிற்று.

அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி மரபினர் மாசிடோனியர் ஆதலால், அவர்கள் வழக்கே நிலைத்தது. இரண்டாம் தாலமி செங்கடல் கரையில் அமைத்த துறைமுகத்துக்குத் தன் தாயின் பெயரை வைத்தார். பிற்காலத்தில் ரோமானியர் வணிகம் செழித்த அந்தப் பெரெனிகேயில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியொன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகும், வேறோரிடத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானைத் துண்டும் அகழாய்வில் கிடைத்தன. மூன்றாம் தாலமியின் மனைவி பெரெனிகே, கணவர் போரிலிருந்து நலமாகத் திரும்புவதற்காகத் தன் கூந்தலைக் காணிக்கையாக்கினாள். அது கோயிலிலிருந்து காணாமற்போகவே, வானில் ஏறிவிட்டதாகச் சொல்லி அரண்மனையின் கவலையைத் தீர்த்தார் வானியலாளர் கோனோன். சிம்ம ராசி விண்மீன்களுக்கு அருகே மங்கலாகத் தெரியும் அந்த விண்மீன் குழு இன்றும் ‘பெரெனிகேயின் கூந்தல்’ எனப்படுகிறது.

இப்பெயர் லத்தீனில் வெரோனிக்கா ஆயிற்று. இயேசு சிலுவை சுமந்து சென்றதை நினைவுகூரும் கத்தோலிக்க வழிபாடான சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்காவின் பெயரை, ‘உண்மை உருவம்’ என்று பொருள்படும் ‘வேரா இகோன்’ என்ற தொடரிலிருந்து வந்ததாக இடைக்காலத்தில் விளக்கினர். விளக்கம் அழகானது, ஆயினும் இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோமானிய ஆளுநர் பிலாத்துவைப் பற்றிய பழைய நூலின் கிரேக்க வடிவில், லத்தீன் வடிவம் வெரோனிக்கா என்று அழைக்கும் பெண்ணின் பெயர் பெர்னிகே என்றே இருக்கிறது.