சமாதானத்துக்குச் சாட்சி எதற்கு?

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் மலாயா கம்யூனிஸ்ட் கட்சிப் போராளிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர்; இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டுகளின் கம்பிவேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு பற்றி இவ்வூர்த் தோட்டக் குடும்பங்களில் நிறையக் கதைகள் உண்டு. ஆனால் 1955இல் பேசி முடித்திருக்கக்கூடிய சண்டை, அவசரகாலம் 1960இல் நீக்கப்பட்ட பின்னரும் எல்லைக் காடுகளில் இழுத்துக்கொண்டு கிடந்து, 1989இல்தான் ஏன் முடிந்தது என்பதை நாம் அதிகம் கேட்பதில்லை.

அரசியல் அறிவியலில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. பேசித் தீர்ப்பதே மலிவு என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தும் போர் ஏன் நடக்கிறது என்று 1995இல் ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபியரன், இன்று கொடுத்த வாக்கை நாளை காப்பாற்றுவார்கள் என்பதற்குப் பிணை இல்லாமையை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். உள்நாட்டுப் போரில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகிறது என்பது பார்பரா வால்ட்டரின் வாதம்: ஒரு தரப்பு ஆயுதத்தைக் கீழே வைத்தாக வேண்டும், வைத்த பிறகு எதிர்த்தரப்பு வாக்கு மாறினால் தட்டிக் கேட்க அதனிடம் எதுவும் மிஞ்சாது. ஆகவே வெளியிலிருந்து ஒரு நாடு பொறுப்பேற்காத வரை, மேசையில் எட்டப்பட்ட உடன்பாடுகூடக் களத்தில் நிலைப்பது அரிது.

ரப்பர் காலத்தில் தோட்டத்துப் பால் நிறுக்கும் ஸ்டோரை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாலின் எடை தராசில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதைக் கிராணி எனப்படும் தோட்டக் கணக்கரின் மெட்ரோலாக் என்ற அளவுகருவிதான் சொல்லும். கிராணி நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் அந்தக் கருவியை அவர் மட்டுமே பார்க்கும் வரை, வெளியே நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு நேர்மையும் ஏமாற்றும் ஒரே மாதிரிதான் தோன்றும்.

1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் கெடாவின் பாலிங்கில், ஒரு பள்ளிக்கூடத்தில், மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயா சீனர் சங்கத் தலைவர் தான் செங் லோக் ஆகியோர் ஒரு பக்கமும், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங், அவருடைய தோழர்கள் ரஷீட் மைடின், சென் தியென் ஆகியோர் மறுபக்கமும் உட்கார்ந்தனர். சரணடைந்து விசாரணைக்கு உட்பட வேண்டும் என்றார் துங்கு. தம் கட்சியைச் சட்டபூர்வமாக ஏற்க வேண்டும் என்றார் சின் பெங். கூடவே, உள்நாட்டுப் பாதுகாப்பும் தற்காப்பும் துங்குவின் அரசாங்கத்தின் கைக்கு வந்தால் சண்டையை நிறுத்துவோம் என்றும் அவர் சொன்னார். பேச்சு ஏன் முறிந்தது என்பது அந்த நிபந்தனையிலேயே தெரிகிறது: வாக்குக் கொடுக்க வந்தவரிடம் படை இல்லை, படை வைத்திருந்த பிரிட்டனோ மேசையில் இல்லை.

1989 டிசம்பர் 2ஆம் நாள் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் நிலைமை வேறாக இருந்தது. சீனாவின் ஆதரவு வற்றிப்போனதும் உலகச் சூழல் மாறியதும் பெரிய காரணங்கள்தாம். ஆயினும் தாய்லாந்து இடம் கொடுத்த வீட்டுக்காரராக மட்டும் நில்லாமல் தானும் கையெழுத்திட்டது. மலேசியா திரும்ப விரும்பாத போராளிகள் தன் மண்ணிலேயே குடியிருக்க இடமளித்தது. ஆயுதத்தை அழித்தவர் தம் உயிரைப் பழைய எதிரியின் கையில் ஒப்படைக்க வேண்டியிருக்கவில்லை.

தாய்லாந்து செய்ததற்கு ஒப்பான வேலையை மலேசியா பின்னர் தெற்கு பிலிப்பீன்ஸின் மிண்டனாவில் செய்தது. 2001 முதல் மணிலா அரசாங்கத்துக்கும், அங்குள்ள முஸ்லிம்களின் தன்னாட்சிக்காகப் போராடிய மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையிலான பேச்சுகளை அது வழிநடத்தியது. சபாவுக்கு மணிலா உரிமை கோரியிருந்ததாலும், மிண்டனாவ் அகதிகள் 1970களிலிருந்தே சபாவுக்கு வந்துகொண்டிருந்ததாலும், மலேசியாவைப் பற்றற்ற நடுவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. என் கணிப்பில் அது குறையன்று; தனக்கு எந்த அக்கறையும் இல்லாத நாடு பதின்மூன்று ஆண்டுகள் அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

ஆனால் ஒரே நாடு எல்லாவற்றையும் செய்யவும் இயலாது. 2004இல் மலேசியா தலைமையில் வந்த அனைத்துலகக் கண்காணிப்புக் குழுவில் புருணையும் லிபியாவும் சேர்ந்தன. பின்னர் ஜப்பான் மேம்பாட்டு வேலைக்கு ஆளனுப்பியது. 2008 ஆகஸ்டில் கோலாலம்பூரில் கையெழுத்தாக வேண்டிய உடன்பாட்டைப் பிலிப்பீன்ஸ் உச்ச நீதிமன்றம் கடைசி நேரத்தில் தடுத்து, மீண்டும் சண்டை மூண்டபோது, சாட்சி போதவில்லை என்பது விளங்கியது. அடுத்த ஆண்டே பிரிட்டன், ஜப்பான், துருக்கி, சவூதி அரேபியா ஆகியவையும் சில தன்னார்வ அமைப்புகளும் அடங்கிய தொடர்புக் குழு அமைந்தது. 2014 மார்ச் 27ஆம் நாள் மணிலாவில் முழு உடன்பாடு கையெழுத்தானது.

அது தேறியதா என்பதை அடுத்த ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் சோதித்தது. மலேசியரான ஒரு வெடிகுண்டு நிபுணரைத் தேடி, போர்நிறுத்தக் குழுவுக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் மிண்டனாவின் மாமாசபானோ ஊருக்குள் நுழைந்த போலீஸ் அதிரடிப்படையினரில் 44 பேர் மாண்டனர். முன்னணியிலும் பலர் இறந்தனர். பழைய காலமாயின் அது முழுப் போராக வெடித்திருக்கும். இம்முறை இரு தரப்புப் போர்நிறுத்தக் குழுக்களும் கண்காணிப்பாளர்களும் சண்டையை நிறுத்தக் களத்துக்கே சென்றனர். கைப்பற்றிய துப்பாக்கிகளில் சிலவற்றை முன்னணி பின்னர் திருப்பிக் கொடுத்தது. தன்னாட்சிச் சட்டம் 2018 வரை தாமதப்பட்டாலும் உடன்பாடு உடையவில்லை.

ஆயுதக் களைவிலும் அதே ஏற்பாடுதான். துருக்கி தலைமையில் நோர்வேயும் புருணையும் பங்குகொண்ட தனிக்குழு ஒன்று போராளிகளையும் துப்பாக்கிகளையும் பதிவு செய்கிறது. 40,000 பேர் கட்டம் கட்டமாக விலக வேண்டும், விலகியவர்களுக்கு அரசாங்கம் வாழ்வாதார உதவி தர வேண்டும். சுமார் 26,000 பேர் விலகிய நிலையில், உதவி உறுதியளித்தபடி வரவில்லை என்று கூறி, எஞ்சிய ஏறத்தாழ 14,000 பேரின் ஆயுதக் களைவை முன்னணி 2025 ஜூலையில் நிறுத்தி வைத்தது. துப்பாக்கிகளை எண்ண வெளிநாட்டார் இருந்தனர். உதவி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று எண்ணுவதற்கு அத்தனை வலுவான குழு இல்லை.